கூண்டு வேண்டாம், கூடு கொடுப்போம்!

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பறவையை விரும்பாதவர் உலகில் இலர். ஆனால் விரும்பும் விதத்தில் மனிதர்கள் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் பறவையைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, அது தம்மைவிட்டுப் போகமுடியாது என்ற உறுதியில் மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, வந்தால் வரட்டும் என்று காத்திருந்து மகிழ்கின்றனர். 'கூண்டு', 'கூடு' என்னும் இரு சொற்களுக்கும் இடையே ஒரே ஓர் எழுத்துத்தான் வேற்றுமை. ஆனால் கூண்டின் கதவு நம் கையில் இருக்கிறது. கூட்டின் வாயில் பறவையின் விருப்பத்தில் இருக்கிறது. இந்த இரண்டாவது மகிழ்ச்சியைப் பற்றியும், அதை நம் கல்லூரி மாணவர்கள் ஏன் ஒரு கடமையாகவே ஏற்கவேண்டும் என்பதைப் பற்றியும் என் கருத்தை இம்மலர் வாயிலாகக் கூற விழைகின்றேன்.

கிளியைக் கூண்டில் வளர்ப்பது நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை இன்றும் பலர் அறியார். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூண்டுக் கிளியிடம் நாம் காண்பது என்ன? கம்பியைக் கடிக்கும் அலகையும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறும் குரலையும்தான். அது இணையைத் தேடுவதையோ, பொந்தைத் தேர்வதையோ, குஞ்சுக்கு ஊட்டுவதையோ நாம் காண்பதில்லை. விலங்கியல் படிக்கும் மாணவி என்ற முறையில் சொல்கிறேன்: கூண்டில் இருப்பது பறவையின் உடல் மட்டுமே, பறவையின் வாழ்க்கை அங்கே இல்லை.

வாழ்க்கையைக் காணவேண்டுமா? கொல்லைப்புறத்துக்கு வாருங்கள்! காசு செலவில்லை, காட்டுக்குப் போகவேண்டிய தேவையுமில்லை. முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டு, சிலந்தி நூலைக் கொண்டு தன் கூட்டைக் கட்டித் தொங்கவிடும். தையல்சிட்டு பெயருக்கேற்பவே இலைகளின் ஓரத்தைத் துளையிட்டு நார் கோத்துத் தைக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிச் சண்டையும் சமாதானமுமாகப் பொழுது போக்கும். கொண்டைக்குருவி மருதாணிப் புதரில் கிண்ணம்போல் கூடு கட்டும். விடியலில் எழுந்து படிப்பவர்களுக்குக் குண்டுகரிச்சானின் சீழ்க்கை தெரிந்திருக்கும். தேர்வுக் காலத்தில் எனக்கு அதுவே எழுப்பும் மணி.

இங்கே ஓர் அறிவியல் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். மேற்சொன்ன எல்லாப் பறவைகளும் நாம் செய்யும் பெட்டிக்கு வந்துவிடமாட்டா. தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் பெட்டி வேண்டியதில்லை; செடி வேண்டும். பொந்தில் கூடு கட்டும் இயல்புள்ள பறவைகளே பெட்டியைத் தேடி வரும். சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் மனிதனையே நம்பி, மனிதன் இருக்கும் இடத்திலேயே வாழ்வது சிட்டுக்குருவி. எனவே இக்கட்டுரையின் தலைவனும் தலைவியும் அச்சிட்டுக்குருவிகளே!

நம் மக்கள் இதற்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். ஊர்க்குருவி என்றனர், அடைக்கலாங்குருவி என்றனர். அடைக்கலம் புகுந்த உயிரைக் கைவிடுவது தமிழர் பண்பாடா? சங்கப் பாடல்களில் 'குரீஇ' என்னும் பெயரோடு இது வீட்டுப் பறவையாகவே வருகிறது. குறுந்தொகைப் பாடல் ஒன்றில், சூல் முதிர்ந்த தன் பேடைக்குக் கூடு அமைக்கச் சேவற்குருவி கரும்புப் பூவைக் கோதி எடுக்கும் காட்சி உள்ளது. பாடப் புத்தகம் சொல்வதும் அதுவே: கூட்டுக்கு இடம் தேர்ந்து, கட்டத் தொடங்குவது பெரும்பாலும் ஆண் குருவிதான். ஆய்வுக்கூடமும் உருப்பெருக்கியும் இல்லாத காலத்தில், கண்ணையும் பொறுமையையும் கொண்டே நம் புலவர் கண்டறிந்த விலங்கியல் இது.

அப்படிப்பட்ட குருவி ஏன் நம் வீடுகளைவிட்டுப் போயிற்று? இக்கேள்வியைக் கேட்டதும் பலர் சட்டென்று கைப்பேசிக் கோபுரத்தைச் சுட்டிக் காட்டுவர். 2018-இல் வெளிவந்த '2.0' என்னும் திரைப்படத்துக்குப் பின் அது மறுக்கமுடியாத உண்மைபோல் ஊரெங்கும் பரவிவிட்டது. ஆனால் அறிவியல் மாணவர்கள் ஆதாரம் கேட்கவேண்டாமா? நாடெங்கும் உள்ள 15,500-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளைத் தொகுத்து, 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. அதன்படி, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த கால் நூற்றாண்டில் சிட்டுக்குருவியின் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருந்திருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வந்திருக்கிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு இதுவரை கிடைத்த சான்றுகள் துணை நிற்கவில்லை என்பதையும் அவ்வறிக்கை கூறுகிறது. உணவும் கூடுகட்ட இடமும் குறைந்ததே முதன்மையாகக் கருதப்படும் காரணங்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. கோபுரம்தான் காரணம் என்றால் நம்மால் செய்யக்கூடியது எதுவுமில்லை. பெருமூச்சு விட்டுக் கைகட்டி இருந்துவிடலாம். இடமும் உணவும் காரணம் என்றால், அவ்விரண்டையும் நாமே கொடுக்கலாம். பழியைத் தூரத்துக் கோபுரத்தின்மேல் போட்டுவிட்டால் நம் வீட்டுச் சுவரைப் பார்க்கவேண்டியதில்லை என்பதே அந்தக் கதையின் கவர்ச்சி என எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுச் சுவரையே பார்ப்போம். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே சந்து இருக்கும். கைமரத்துக்கும் விட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மண்சுவரில் மாடக்குழி இருக்கும். குருவிக்கு இவை யாவும் பொந்துகளே. எவரும் குருவிக்கென்று கட்டவில்லை. ஆனால் குருவிக்கும் சேர்த்தே வீடு அமைந்தது. இன்றைய காங்கிரீட் வீட்டில் ஒரு விரல் நுழையும் சந்தும் இல்லை. மழுமழுவென்று பூசிய சுவரில் குருவி வந்து உட்காரவும் வழியில்லை.

என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். மழைக்கு ஏழு இடத்தில் பாத்திரம் வைத்த வீடு அது. புத்தகப் பையை நனையாமல் வைக்க நான் இடம் தேடிய வீடு. தளம் போட்ட அன்று என் தாய் அடைந்த மகிழ்ச்சியை எழுத என்னிடம் சொல் இல்லை. ஆகவே 'பழைய ஓட்டு வீடுகள் போயினவே, குருவிகள் போயினவே' என்று சிலர் எழுதும் ஒப்பாரியில் என்னால் கலந்துகொள்ள இயலாது. ஒழுகாத வீட்டில் பிறந்தவர்களுக்கே ஒழுகிய வீடு அழகாகத் தோன்றும். ஏழை எளியவர் நல்ல வீட்டுக்குப் போனது குற்றமாகாது. அவ்வீட்டுக்குள் நாம் வந்தபோது, நம்மோடிருந்த குருவிக்கும் ஒரு மூலை ஒதுக்க மறந்தோம். அந்த மறதியைத் திருத்துவது மிக எளிது. செலவும் மிகக் குறைவு. என் வாதம் இதுவே.

தந்தையிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏம்ப்பா, வேலை முடிஞ்சதும் சாரம் கட்டின பொந்தையெல்லாம் அடைச்சிடுறீகளே, ரெண்டை விட்டா என்ன?"

"பொந்தை அடைக்காம விட்டா 'வேலை தெரியாத கொத்தனாரு'ன்னுல்ல சொல்லுவாக, தாயி!" என்றார் அவர். சற்று யோசித்தபின், "குருவிக்குத்தான்னா, சன்ஷேடுக்குக் கீழே ஒரு சின்னக் கலயத்தைப் பதிச்சிட்டாப் போச்சு. பூச்சுக்கும் பழுதில்லை" என்று அவரே வழியும் சொன்னார்.

அவ்வாறே எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஒரு கலயம் பதிந்தது. அதன் வாய்க்கு ஓட்டையிட்ட மரத்தட்டு ஒன்றைத் திருகாணியால் பொருத்தினார். வேண்டும்போது கழற்றித் துப்புரவு செய்யலாம். அதைத் தவிர, தச்சுப்பட்டறையில் கழித்துப் போட்ட பலகைத் துண்டுகளைக் கொண்டு நான் நான்கு பெட்டிகள் செய்தேன். ஆணியும் கீலும் வாங்கியதே செலவு. முதல் மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. "உன் வாடகை வீட்டுக்கு ஆளு வந்தாச்சா?" என்று என் தாய் நாள்தோறும் கேலி செய்வார். நான்காம் மாதத்தில் கலயத்துக்கு ஓர் இணை வந்தது. பின்னர் ஒரு பெட்டிக்கும் வந்தது. மற்ற மூன்றும் காலியாகவே இருக்கின்றன. வராத பெட்டிகளையும் நான் கழற்றவில்லை. அழைப்பது நம் வேலை. வருவது அதன் உரிமை.

அந்நாள்களில் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். கழுத்தின்கீழ் கறுப்புத் திட்டு உள்ளது சேவல். கண்ணின்மேல் வெளிர்க்கோடு உள்ளது பேடை. இரண்டும் வைக்கோல் சுமந்தன. பாடநூலின்படி சிட்டுக்குருவி ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். ஏறத்தாழ 12 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்து ஏறத்தாழ 15 நாளில் வெளியே பறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் கணக்கெடுத்தேன்: தாயும் தந்தையுமாக 14 முறை இரை கொண்டுவந்தன. கொண்டுவந்தது தானியமா? இல்லை. பச்சைப் புழுவும் சிறு பூச்சியுமே! தானியம் தின்னும் குருவியே ஆனாலும், தன் குஞ்சுகளைப் பூச்சிகளைக் கொடுத்தே வளர்க்கிறது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு செய்முறை வகுப்புக்கு ஈடாயிற்று.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பெறப்படும். பெட்டி மட்டும் போதாது. சுற்றிலும் சிமென்ட் பூசி, செடிகளையெல்லாம் வெட்டி, மிஞ்சியவற்றுக்குப் பூச்சிமருந்து தெளித்துவிட்டு, சுவரில் அழகான பெட்டியை மாட்டினால், அது பசித்தவனுக்குப் பஞ்சணை கொடுத்த கதையாகும். ஒரு பீர்க்கம்பந்தல், ஒரு மருதாணிவேலி, ஒரு செம்பருத்திச் செடி. இவையும் கூட்டின் பகுதிகளே. பச்சரிசி மாவில் கோலமிட்ட காலத்தில் எறும்புக்கும் குருவிக்கும் வாசலிலேயே உணவு கிடைத்தது. கல்மாவுக் கோலம் கண்ணுக்கு மட்டுமே விருந்து. வீட்டு வாசலிலும் கோவிலிலும் நெற்கதிர்க் கொத்தைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம்மிடம் இன்னும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. அதை அலங்காரம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

குருவியைப் பயிரின் பகைவன் என்று எண்ணுவோர்க்கு வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1958-இல் சீனாவில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து, ஒழிக்கப்படவேண்டிய நான்கு பகைகளாக அறிவித்தனர். மக்கள் தகரத்தையும் பறையையும் தட்டி, குருவிகளை உட்காரவிடாமல் விரட்டி விரட்டியே வீழ்த்தினர். அவை நம் சிட்டுக்குருவியின் நெருங்கிய உறவினங்கள். விளைவு என்ன? பூச்சிகளை உண்ணும் பறவைகள் அழிந்ததால் வெட்டுக்கிளியும் பிற பூச்சிகளும் பெருகின. 1960-இல் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அக்காலப் பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குருவியழிப்பும் அவற்றுள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

ஒரு பெட்டியால் என்ன ஆகிவிடும் என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு அமெரிக்காவின் நீலப்பறவையைக் காட்டுகின்றேன். அதுவும் பொந்தில் கூடு கட்டும் பறவையே. பட்ட மரங்களை வெட்டிவிட்டதாலும், வெளிநாட்டிலிருந்து வந்த பறவைகள் பொந்துகளைப் பறித்துக்கொண்டதாலும் அது குறைந்துகொண்டே வந்தது. 1934-இல் இல்லினாய் மாநிலத்தில் மஸ்ஸல்மேன் என்பவர் சாலையோரமாக வரிசையாகப் பெட்டிகளை அமைத்தார். பின்னர் நாடெங்கும் எளிய மக்கள் ஆயிரக்கணக்கில் பெட்டி மாட்டினர், நீலப்பறவை மீண்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கே பொந்தைப் பறித்த அயல்நாட்டுப் பறவைகளுள் ஒன்று, 1850-களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட நம் சிட்டுக்குருவியேதான்! ஒரு நாட்டில் அடைக்கலம் கேட்கும் பறவை, மற்றொரு நாட்டில் ஆக்கிரமிப்பாளன் ஆகிறது. எந்தப் பறவையை எந்த மண்ணில் பேணுவது என்பதை அறிந்து செய்யவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மற்றொரு முறை உள்ளது. 2020 முதல் அங்கே 5 மீட்டருக்கு மேல் உயரமான புதிய கட்டடங்களில், உழவாரக் குருவிகளுக்கென உள்ளே பொந்துடைய செங்கற்களைப் பதிக்கவேண்டும் என்று நகராட்சி நிபந்தனை விதிக்கிறது. அச்செங்கற்களில் சிட்டுக்குருவிகளும் குடியேறுகின்றன. என் தந்தை பதித்த கலயமும் அந்தச் செங்கல்லும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் அல்லவா? பறவைக்கு வீடு கொடுப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவேண்டியதில்லை. கொத்தனாரின் அன்றாடத் தொழிலுக்குள்ளும் அது வரமுடியும். அப்படி வந்தால்தான் நிலைக்கும்.

செய்ய விரும்பும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். பெட்டியின் உட்புறம் அரையடி அகலமும் அரையடி நீளமும் இருந்தால் போதும். வாயில் ஒன்றேகால் அங்குல வட்டம். அதற்குமேல் பெரிதாக்கினால் மைனா புகுந்து குருவியை விரட்டிவிடும். வாயிலுக்கும் அடித்தளத்துக்கும் இடையே ஐந்தாறு அங்குல ஆழம் வேண்டும். அப்போதுதான் பூனையின் கையும் காக்கையின் அலகும் எட்டா. வாயிலின் முன் உட்காரக் குச்சி வைப்பதைப் பலர் அழகென்று கருதுவர். குருவிக்கு அது தேவையில்லை, எதிரிக்கே படியாகும். அடியில் இரண்டு சிறு துளைகள், பக்கவாட்டில் காற்றுக்குத் துளைகள், மேலே திறந்து மூடும் பலகை. உள்ளே வண்ணம் பூசக்கூடாது. எட்டு முதல் பத்தடி உயரத்தில், தாழ்வாரத்தின்கீழ், மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டவேண்டும். மின்விசிறி சுழலும் அறைக்குள் மாட்டுவது கூடு கொடுப்பதாகாது; கொலைக்களம் அமைப்பதாகும். குருவி கூடி வாழும் இயல்பினது. ஒரே பெட்டியைவிட அருகருகே இரண்டு மூன்று மாட்டுவது நன்று. குஞ்சு இருக்கும்போது ஏணி வைத்து எட்டிப் பார்க்கலாகாது. குஞ்சுகள் பறந்துபோனபின் பழைய வைக்கோலை அகற்றிவிட்டால் அடுத்த குடிக்கு வீடு தயார்.

உலகச் சிட்டுக்குருவி நாள் 2010 முதல் ஆண்டுதோறும் மார்ச் 20-ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. அன்று பல இடங்களில் அட்டைப் பெட்டிகளை வழங்கிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அட்டைப்பெட்டி ஒரு மழைக்குத் தாங்குமா? முட்டையிட்டபின் அது நைந்து விழுந்தால், இடமே கொடுக்காமல் இருந்ததைவிடக் கேடு அல்லவா? நல்ல எண்ணத்தை நான் குறைகூறவில்லை. ஒரு நாளைக்கு நூறு பெட்டி மாட்டுவதைவிட, ஓராண்டு முழுதும் ஐந்து பெட்டியைப் பேணுவது மேல் என்கிறேன்.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். "மனிதனுக்கே வீடில்லாத நாட்டில் குருவிக்கு வீடா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால் குருவிக்கு இடம் கொடுத்ததால் எந்த மனிதனும் வீடிழந்ததில்லை. இன்னும் சொல்லப்போனால், உயிர்களுக்கு முதலில் இடம் கொடுப்பவர்கள் ஏழை மக்களே. சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி கிராமத்தை நினைவுகூருங்கள். 2020-இல் அங்கே தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. அதைக் கண்ட ஓர் இளைஞர் ஊராரிடம் எடுத்துக் கூற, குஞ்சுகள் பறக்கும்வரை ஏறத்தாழ 35 நாள் தெருவிளக்கே போடாமல் அவ்வூர் மக்கள் இருளில் நடந்தனர். அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. இவர்கள் மாளிகைவாசிகளா? கட்டுரை எழுதத் தெரியாத அந்த மக்கள் செய்து காட்டியதைத்தான் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"குருவி பார்த்தால் வேலை கிடைக்குமா?" என்பது எங்கள் தெருவில் என்னைக் கேட்கும் கேள்வி. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் அனைவரும் இக்கேள்வியின் சுமையை அறிவர். நம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வீட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. நம்மை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காண்பதும், எண்ணுவதும், குறிப்பதும், காரணம் தேடுவதும்தானே அறிவியல்? அதை விலை கொடுத்து வாங்காமல் கொல்லைப்புறத்திலேயே கற்கமுடிகிறது. இந்தியப் பறவையியலின் தந்தையாகப் போற்றப்படும் சாலிம் அலி அவர்களின் வாழ்க்கையே ஒரு குருவியிலிருந்து தொடங்கியதுதானே! சிறுவயதில் தாம் சுட்டுவீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றின் பெயரை அறிய, 1908-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு கேள்வி அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை உலகமறியும். 1985-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் பெயரிலும் அந்தக் குருவியையே நிறுத்தினார். நம் தமிழகத்து மா. கிருஷ்ணன் அவர்கள் 1950 முதல் 1996-இல் மறையும்வரை நாளிதழில் தொடர்ந்து இயற்கையைப் பற்றி எழுதினார். வாசற்படிக்கு வரும் எளிய உயிர்களுக்கும் அவர் எழுத்தில் இடம் இருந்தது. ஏட்டறிவும் கண்ணறிவும் சேர்ந்தால்தான் கல்வி நிறைவுறும்.

முடிவாக, நம் கல்லூரியைப் பற்றி ஒரு வேண்டுகோள். பழைய கட்டடத்தின் உயரமான காற்றுச் சாளரங்களில் புறாக்கள் மண்டி அசுத்தம் செய்வதால், அவற்றுக்குக் கம்பிவலை அடிக்கவேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. எச்சத்தின்கீழ் அமர்ந்து தேர்வு எழுதியவர்கள் அதை எதிர்க்கமாட்டார்கள், நானும் எதிர்க்கவில்லை. ஆனால் அதே சாளரங்களின் ஓரப் பொந்துகளில் சிட்டுக்குருவிகளும் குடியிருக்கின்றன என்பதை, மாலையில் அங்கே சற்றுநேரம் நின்றால் எவரும் காணலாம். வலை அடிக்குமுன் கூடுகளில் குஞ்சு உள்ளதா என்று பார்த்து, பறந்தபின் அடிக்கலாம். அதற்கு முன்பே வெளித்தாழ்வாரத்தில் இருபது மரப்பெட்டிகளை மாட்டிவிடலாம். பெட்டி செய்யும் பொறுப்பை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏற்கலாம். எந்தப் பெட்டியில் எந்நாள் குடியேற்றம், எத்தனை குஞ்சு என்று பதிவேட்டில் குறிக்கும் பொறுப்பை விலங்கியல் மாணவர்கள் ஏற்கலாம். சுற்றிலும் புதர்ச்செடி வைத்து வளர்ப்பதைத் தாவரவியல் நண்பர்களிடம் விட்டுவிடலாம். ஐந்தாண்டு அந்தப் பதிவேடு தொடர்ந்தால், இவ்வூர்க் குருவிகளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி நம் கல்லூரியின் கையில் இருக்கும். புதிதாக எழும் வகுப்பறைக் கட்டடத்தின் சுவரில் பத்துக் கலயங்களைப் பதிக்கப் பேராசிரியப் பெருமக்கள் பரிந்துரைத்தால், அதைச் செய்து தரக் கூலி கேட்காத ஒரு கொத்தனாரை எனக்குத் தெரியும்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்று நாம் நாளை வீடு கட்டுவோம், வேலைக்குச் செல்வோம், ஊருக்கு ஊர் மாறுவோம். எங்கே சென்றாலும் நம் சுவரில் ஒன்றேகால் அங்குல இடம் நம்மால் கொடுக்க இயலாதா? கேட்பது மிகச் சிறிது. பெறுவதோ விடியல்தோறும் ஒரு குடும்பத்தின் கலகலப்பு. அடைக்கலாங்குருவி என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். அப்பெயர் வெறும் பெயராகிவிடாமல் காப்பது நம் தலைமுறையின் கையில் உள்ளது. ஆகவே, கூண்டுகளைத் திறப்போம், கூடுகளைக் கொடுப்போம்!